மார்கழியில் சிவந்த தலை

"நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போடணுமாம் சார். போட்டா நான் ஏமாத்துக்காரன். போடலைன்னா போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவாங்களாம்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் சுப்பனுக்கு இரண்டு சொம்பு தண்ணீர் ஆகிவிட்டது. பங்குனி வெயில் ஒரு பக்கம், போலீஸ் பயம் ஒரு பக்கம். ஐம்பது வயசு உடம்பு. கல் உடைத்து, கிணறு வெட்டி, கரும்பு சுமந்து காய்ந்த உடம்பு. இன்றைக்கு அது நாற்காலியில் உட்காரத் தெரியாமல் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தது.

அவனை இங்கே இழுத்து வந்தது ஆட்டோக்கார குமரவேல். பஸ் ஸ்டாண்டில் பேயறைந்தவன் மாதிரி நின்றவனை வண்டியில் ஏற்றி, திருத்தணி ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற பூபாலன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். சுப்பனின் பெண்சாதி குப்பம்மாளும் காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "கொசு ஆபீசரைப் போய்ப் பாருய்யா. வாயை மூடிகினு இருந்தா ஜெயில்லதான் சோறு."

கொசு ஆபீசர் என்பது பூபாலனுக்கு ஊர் வைத்த பேர். முப்பத்தைந்து வருஷம் மலேரியா இலாகாவில் தெருத்தெருவாக நடந்தவர். யார் வீட்டுத் தொட்டியில் புழு நெளிகிறது என்பதைத் தொட்டியைப் பார்க்காமல், வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ரிட்டயர் ஆனபிறகு தொட்டியை விட்டுவிட்டார். முகம் பார்ப்பதை விடவில்லை. ஊரில் ஒரு பொருள் காணோம், ஒரு பழி விழுந்தது என்றால் அவரிடம்தான் வருவார்கள். குமரவேலுக்கு அவர் வழக்குகள் என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

"முதல்ல இருந்து சொல்லு. உனக்கு அங்க என்ன வேலை?" என்றார் பூபாலன்.

"ஓணான் புடிக்கிறது சார்."

குமரவேல் சிரித்துவிட்டான். "அதுக்கெல்லாம் கூலி குடுக்கிறாங்களாண்ணா?"

"குடுக்கிறாங்களே. ரெண்டு வருசமா."

நகரி ரோட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து கேம்ப் போட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் மேலே டாக்டர் பிரபாவதி. மெட்ராசிலிருந்து வாரம் மூன்று நாள் ரயிலில் வருகிற அம்மா. அவர் தேடுவது ஒரே கேள்விக்குப் பதில். குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் கொண்டுவருகிற கிருமி, கொசு வழியாகப் பரவுகிறது. கொசு குறைந்துபோகிற பனிக்காலத்தில் அந்தக் கிருமி எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? பன்றியும் கொக்கும் அதைச் சுமக்கிறது என்று தெரியும். ஓணான், அரணை, சாரைப்பாம்பு, ஆமை இதுகள் ரத்தத்திலும் அது தங்கியிருந்து, மறுபடி கொசு பெருகும்போது வெளியே வருமா? அதற்குத்தான் இந்தப் பிடிப்பு.

"நான் சுருக்குப் போட்டுப் புடிப்பேன். அசையாம கையில வச்சுப்பேன். பிரேம்குமார்னு அரக்கோணத்துப் புள்ள, அவரு வால் அடியில ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில ஒத்தி எடுப்பாரு. கிருஷ்ணன் வண்டி ஓட்றவரு. நீளம், எடை, எங்க புடிச்சது, என்ன நிறம்னு படிவத்துல எழுதுவாரு. முதுகுல நகப்பாலிஷ்ல நம்பர் போட்டு, புடிச்ச இடத்துலயே விட்ருவோம். இப்ப டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதி எடுத்த பன்னெண்டு அட்டையும் ஓணான் ரத்தம் இல்லையாம். கோழி ரத்தமாம். நான்தான் மாத்திட்டேன்னு எழுதியிருக்குது."

சுப்பன் சட்டைப்பையிலிருந்து இரண்டு தாளை எடுத்து நீட்டினான். ஒன்று, அவன் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் கடிதம். இன்னொன்று, அன்றைய படிவத்தின் ஜெராக்ஸ். அடியில் 'பிடித்தவர்' என்ற இடத்தில் கோணல்மாணலாக 'சுப்பன்' என்று இருந்தது. நாற்பது வயசுக்கு மேல் அறிவொளிப் பாடத்தில் கற்றுக்கொண்ட எழுத்து. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரு சின்னப் பெருமை வரும். இன்றைக்கு அந்த எழுத்தே அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இது உன் கையெழுத்துதானா?"

"ஆங். என்துதான்."

"அன்னிக்கு நீதான் புடிச்சியா?"

சுப்பன் தரையைப் பார்த்தான். ஒரு விஷயத்தை மட்டும் அவன் தொண்டைக்குக் கீழேயே நிறுத்தி வைத்திருந்தான். "நான்தான் சார்."

"பன்னெண்டும்?"

"பன்னெண்டும்."

பூபாலன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை நிதானமாக வாய்விட்டுப் படித்தார். "நந்தி ஆத்தங்கரை, வேலிகாத்தான் புதர். நேரம் காலை ஆறு பத்து. ஆண் ஓணான். தலையும் கழுத்தும் நல்ல சிவப்பு..."

"தலை செவப்பா?" சுப்பன் நிமிர்ந்துவிட்டான். "மார்கழியிலயா? யாரு சொன்..."

சொல் பாதியில் நின்றது. வெளியே அரக்கோணம் போகிற மின்சார ரயில் கத்திவிட்டுப் போனது.

"மேல சொல்லு. மார்கழியில என்ன?" என்றார் பூபாலன்.

"ஒண்ணுமில்ல சார்."

"ஓணானுக்குத் தலை எப்ப செவக்கும்?"

தெரிந்த விஷயத்தைக் கேட்டால் சுப்பனால் சும்மா இருக்க முடியாது. "வெயில் காலத்துல சார். பொட்டையைத் தேடுற காலம். பங்குனியில ஆரம்பிச்சு ஆடி ஆவணி வரைக்கும் ஆணுக்குத் தலை ரத்தமா செவந்து கெடக்கும். பனியில மண்ணு கலர்ல ஒட்டிகினு கெடக்கும். அதுவும் ஆறு மணிக்கு வெளியவே வராது. எட்டு மணி வெயில் முதுகுல பட்டாத்தான் அசையும்."

"அப்ப இதைச் சொன்னவனுக்கு ஓணானைத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ சொல்லி இது எழுதப்படலை. நீ அங்க போகவே இல்லை." பூபாலன் கண்ணாடியைக் கழற்றினார். "யாரைக் காப்பாத்துற சுப்பா?"

சுப்பன் காலிச் சொம்பை மறுபடி வாயில் கவிழ்த்தான்.

"அந்த அரக்கோணத்து ஆளைத்தான் சார். ஊசி புடிச்சது அவன்தானே? நான் அப்பவே நினைச்சேன்," என்றான் குமரவேல்.

"நீ எப்பவே நினைச்சே? அந்தப் பேரை அஞ்சு நிமிஷம் முன்னாடிதானே கேட்டே. வண்டியை எடு. இவன் வீட்டுக்குப் போவோம்."

*

பள்ளிப்பட்டு ரோட்டில் ஏரிக்கரையை ஒட்டி எட்டு வீடு. அதில் கடைசி வீடு சுப்பனுடையது. குப்பம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். புருஷனைப் பார்த்தாள், கொசு ஆபீசரைப் பார்த்தாள், கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டாள்.

"வருசக் கடைசி ஞாபகம் இருக்குதாம்மா? படித் திருவிழா அன்னிக்கு?" என்று கேட்டார் பூபாலன்.

"மறக்குமா சார்? ஊரே மலைப்படியில சூடம் ஏத்திகினு கெடந்துது. நான் இந்த மனுசனை வச்சிகினு கிளினிக்ல உக்காந்திருந்தேன்."

"குப்பு," என்றான் சுப்பன்.

"இன்னா குப்பு? உள்ளதைச் சொல்றதுக்கு இன்னா? முந்தின நாளே அனல் மாதிரி ஜுரம் சார். காலைல எட்டரை மணிக்கு பாட்டில் ஏத்துனாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் எழுந்தாரு. பாம்பைக் கையில புடிக்கிற ஆம்பளை, ஊசியைக் கண்டதும் என் தோள்ல மூஞ்சியை வச்சுகினு அழுவுறாரு. நர்சம்மா சிரிச்சிச்சு."

குமரவேல் மீசைக்குள் சிரிப்பை அடக்கினான். சுப்பன் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சீட்டு இருக்குதா?"

இருந்தது. சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாள். தேதி, நேரம், ஜுரத்தின் அளவு, ஏற்றிய மருந்து எல்லாம் இருந்தது. பூபாலன் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வேலைக்குப் போகலைன்னு கேம்ப்புக்குச் சொன்னீங்களா?"

"எங்க பாவாகிட்ட சொல்லிட்டேன் சார்," என்று சுப்பன் முந்திக்கொண்டான். "கிருஷ்ணன் எனக்கு பாவாதான். எங்க அக்கா பூவம்மாளைக் கட்டினவரு. இந்த வேலையை வாங்கிக் குடுத்ததே அவருதான். லீவுன்னு போட்டுக்கிறேன், நீ படுன்னாரு."

"லீவுன்னா உன் கையெழுத்து எப்படி வந்துது?"

இந்தக் கேள்வி வரும் என்று சுப்பனுக்குத் தெரியும். காலையிலிருந்து இதே கேள்வியை அவனே அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். "மாசம் பொறந்தா பத்துப் படிவத்துல மொத்தமா போட்டுக் குடுத்துடுவேன் சார். வெத்துத் தாள்ல. ஒரு கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிசம் ஆவும். முள்ளுக்குள்ள நின்னுகினு, கையில ஓணானை வச்சிகினு, எங்க போடறது? பாவாதான் சொன்னாரு, முன்னாடியே போட்டுடு சுப்பா, நான் பார்த்துக்கிறேன்னு."

"அவர் எழுதியிருப்பாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். படிவத்தைக் காட்டினதுமே தெரியும். எனக்கு ஒரு நாள் கூலி போவக்கூடாதுன்னு நல்லதுக்கு ஏதோ செஞ்சிருக்காரு. அவரே மேடம்கிட்ட சொல்லிடுவாரு. நாலு மணிக்குள்ள சொல்லிடுவாரு சார். நான் முந்திகினு காட்டிக் குடுத்தா எங்க அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

கட்டிலுக்குக் கீழே ஒரு சாம்பல் நிறக் கோழி வந்து, பூபாலன் செருப்பைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

"எத்தனை கோழிம்மா?"

"இது ஒண்ணுதான் சார். ஆறு வருசக் கெழடு. அறுக்க மனசு வரல. அன்னிக்கு இதுக்கும் நேரம் சரியில்ல. நாங்க கிளினிக்ல இருந்து வந்து பார்த்தா ஒரு ரெக்கையைத் தொங்கப் போட்டுகினு நிக்கிது. தூக்கிப் பார்த்தா அடியில மயிரைப் பிடுங்கியிருக்குது, நீலமா வீங்கியிருக்குது. கீரி கவ்வியிருக்கும்னு மஞ்சள் பத்துப் போட்டேன்."

"கீரி கழுத்தைத்தானே கவ்வும்," என்றான் குமரவேல். சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது. சுப்பனைப் பார்த்தான். "அண்ணா... உங்க வீட்டுக் கோழியா?"

அந்தப் பார்வை சுப்பனைச் சுட்டது. "நான் ஏன்டா என் கோழியை..."

"நீங்க கிளினிக்ல இருந்தப்ப இங்க யாராவது வந்தாங்களாம்மா?" என்று கேட்டார் பூபாலன். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"யார் வருவா? கிருஷ்ணன் அண்ணன்தான் வந்தாரு. இவருக்குக் குளிர் எடுத்துதுன்னு போன் பண்ணேன். சாவி ஓட்டுல இருக்குது, போர்வை கொண்டாங்கண்ணான்னேன். கூட்டத்துல அலைஞ்சு கொண்டாந்து குடுத்தாரு, பாவம். பிரெட் பாக்கெட் வேற." குப்பம்மாள் சொல்லிக்கொண்டே வந்தவள், மூவர் முகத்தையும் பார்த்து நிறுத்தினாள். "ஏன் சார்?"

"நீயும் வண்டியில ஏறும்மா," என்றார் பூபாலன்.

*

கேம்ப் வீட்டுக்குப் போனபோது மூன்றேகால். கூடத்தில் நீள மேசை. சுவரோரம் ஓட்டை போட்ட டப்பாக்களில் இரண்டு அரணையும் ஓர் ஆமையும் இருந்தன. டாக்டர் பிரபாவதி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தூங்கிப் பல நாள் ஆன முகம். ஒரு பக்கம் பிரேம்குமார் நகம் கடித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் ஓரம் கிருஷ்ணன், வெள்ளைச் சட்டை, கையில் வண்டிச் சாவி. குப்பம்மாளைப் பார்த்ததும் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

சுப்பன் அவனையே பார்த்தான். இப்பவாவது சொல்லிடு பாவா என்று கண்ணாலேயே கெஞ்சினான். கிருஷ்ணன் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தான்.

"நீங்க யாருன்னு தெரியும் சார்," என்றார் பிரபாவதி. "ஆனா இதுல துப்புத் துலக்க ஒண்ணும் இல்லை. பனிக்காலத்துல எடுத்த ரத்தத்துல இந்தப் பன்னெண்டு அட்டையில மட்டும்தான் வைரஸ் வந்துபோன தடயம் பளிச்சுன்னு இருந்துது. ரெண்டு வருஷமா நான் தேடினது இதைத்தான். சந்தோஷத்துல எனக்குத் தூக்கமே வரலை. அப்புறம் எந்தப் பிராணின்னு சோதிச்சா கோழி. கோழியைக் கொசு கடிக்கும், தடயம் இருக்கும், அதுல என்ன அதிசயம்? மத்த அட்டையெல்லாம் ஓணான்தான், திரும்பப் பார்த்தாச்சு. ஆனா இனிமே என் வேலையை யார் நம்புவாங்க?" சுப்பனைப் பார்த்தார். "உங்களை நான் எவ்வளவு நம்பினேன்."

"கோழின்னு முடிவு எப்ப வந்துது மேடம்?"

"சனிக்கிழமை சாயங்காலம்."

"இவன்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"புதன்கிழமை லேப்ல சந்தேகம்னு போன் வந்துது. என்ன சந்தேகம்னு அவங்களுக்கே தெரியலை. தெரிஞ்சதை எழுதிக் குடுங்கன்னு எல்லாரையும் கேட்டேன். ஒருத்தர் மட்டும்தான் எழுதிக் குடுத்தார். அதையும் நான் சனிக்கிழமைதான் பிரிச்சேன். அவர் எழுதினதும் ரிப்போர்ட்டும் அப்படியே ஒத்துப் போச்சு."

ஒருத்தர். சுப்பன் பிரேம்குமார் பக்கம் திரும்பினான். படித்த புள்ள, பயந்துபோய் எழுதியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். கோபம்கூட வரவில்லை.

பூபாலனும் அவன் பக்கம்தான் திரும்பினார். "தம்பி, படிவத்துல ரத்தம் எடுத்தவர்னு உங்க பேர் இருக்கு. நீங்க அன்னிக்கு வந்தீங்களா?"

பிரேம்குமார் வாயிலிருந்து விரலை எடுத்தான். "இல்லை சார். திருவிழாக் கூட்டம், அரக்கோணத்துல ரயில்லயே ஏற முடியலை. ரெண்டாம் தேதி வந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். தப்புதான் மேடம்."

"நான் சொன்னேன்ல?" என்றான் குமரவேல்.

"நீ சொன்னது வேற." பூபாலன் பிரேம்குமாரை விடவில்லை. "நீங்க வராத நாள்ல ஊசி யார் குத்துவா? சுப்பனா?"

"அய்யோ, சுப்பண்ணன் ஊசிப் பையையே தொட மாட்டார் சார். நான் குத்தும்போதுகூட மூஞ்சியைத் திருப்பிக்குவார். கிருஷ்ணன் அண்ணன்தான் எடுப்பார். நான்தான் சொல்லிக் குடுத்தேன். என்னைவிடச் சுத்தமா எடுப்பார்."

"கிருஷ்ணன், அன்னிக்கு நீங்க எடுத்தீங்களா?"

"நான் எடுக்கல சார்." கிருஷ்ணன் குரல் தெளிவாகத்தான் இருந்தது. மனப்பாடம் செய்த தெளிவு. "இவரு விடியக்காலம் தனியாப் போயி, ரத்தம் ஒத்தின அட்டையை பஸ் ஸ்டாண்டுல கொண்டாந்து குடுத்தாரு. அவரு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவ்வளவுதான்."

சுப்பனுக்கு முதலில் அது யாரைப் பற்றிய பேச்சு என்றே புரியவில்லை. இவரு. அவரு. இருபத்தைந்து வருஷமாக சுப்பா, டேய் சுப்பா என்று கூப்பிட்ட வாய். "பாவா..." என்றான். கிருஷ்ணன் திரும்பவில்லை.

பூபாலன் படிவத்தை மேசையில் விரித்தார். "மேடம், இதுல ஏழு ஓணானுக்குத் தலை சிவப்புன்னு இருக்கு. மார்கழியில ஓணானுக்குத் தலை சிவக்குமா?"

பிரபாவதி குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இதை எப்படி நான் கவனிக்காம விட்டேன்?"

"சந்தோஷத்துல விட்டீங்க. இருபது வயசுல இருந்து வேலியிலயும் வரப்புலயும் ஓணானைப் பார்க்கிறவன் இவன். இவன் சொல்லி எழுதினா இது வராது. ஏதோ ஒரு வெயில்காலப் படிவத்தைப் பக்கத்துல வச்சுப் பார்த்து எழுதினா வரும். படிவத்தோட நகல், அடித்தாள் இருக்கிற புஸ்தகம் எங்க இருக்கும்?"

"வண்டியில," என்றான் பிரேம்குமார்.

குமரவேல் சொல்வதற்கு முன்பே ஓடினான். கொண்டுவந்த புத்தகத்தை பிரபாவதி ஆடி மாதத்திலிருந்து புரட்டினார். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதியில் விரல் நின்றது. பன்னிரண்டு ஓணான். அதே நீளம், அதே எடை, அதே ஏழு சிவந்த தலை, இடது பின்காலில் ஒரு விரல் இல்லாத அதே ஒன்று. ஆடியில் காலை ஆறு பத்துக்கே ஓணான் வேலியில் ஏறியிருக்கும். அந்த நேரமும் அப்படியே.

"அவரு அப்படித்தான் சொன்னாரு, நான் எழுதினேன். அவரு எதைப் பார்த்துச் சொன்னாரோ?" என்றான் கிருஷ்ணன்.

"அதையும் பார்ப்போம்." பூபாலன் கிளினிக் சீட்டை எடுத்து மேலே வைத்தார். "விடியக்காலம் தனியாப் போனவனுக்கு எட்டரை மணிக்கு பாட்டில் ஏறியிருக்கு. முந்தின நாளே ஜுரம், சீட்டுல நூத்துமூணு டிகிரி. இவன் ஆத்தங்கரைக்கு எப்படிப் போனான்?"

அந்த நேரத்தில்தான் குப்பம்மாள் வாயைத் திறந்தாள். அவளுக்கு இன்னும் பாதிதான் புரிந்திருந்தது.

"அண்ணா, நீங்கதானேண்ணா போர்வை கொண்டாந்தீங்க? அவரு படுத்திருக்கிறதைப் பார்த்துட்டு, தலையைத் தடவிட்டுத்தானே போனீங்க? மறந்துட்டீங்களா?"

கிருஷ்ணன் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"அவங்க வீட்டுச் சாவி அன்னிக்கு உங்க கையில இருந்துது," என்றார் பூபாலன். "வீட்டுல ஒரே ஒரு கோழி. கடைக் கோழின்னா ஆறு வாரம் கொட்டகையில வளர்ந்தது, ரத்தத்துல இவ்வளவு தடயம் இருக்காது. இது ஆறு வருஷம் ஏரிக்கரைக் கொசுக்கடியில கிடந்த கிழடு. அதனாலதான் பன்னெண்டு அட்டையும் ஒரே மாதிரி பளிச்சுன்னு அடிச்சுது. ரெக்கைக்கு அடியில மயிரைப் பிடுங்கி நரம்புல ஊசி போட்டிருக்கு. ஊசிப் பை உங்க வண்டியில. எடுக்கத் தெரிஞ்ச கை உங்க கை. இதெல்லாம்கூட நீங்க மறுக்கலாம். ஒண்ணை மட்டும் மறுக்க முடியாது. மேடம், இவர் எழுதிக் குடுத்த கடிதத்துல தேதி என்ன?"

பிரபாவதி கோப்பைத் திறந்தார். "வியாழக்கிழமை."

"அதுல கோழின்னு இருக்கா?"

"'தன் வீட்டுக் கோழியின் ரத்தத்தை'ன்னு இருக்கு." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. "ரிப்போர்ட் சனிக்கிழமைதானே வந்தது."

"லேபுக்கே தெரியாத நாள்ல இவருக்குத் தெரிஞ்சிருக்கு. சுப்பன் சொல்லித் தெரியும்னு சொல்வார். சொன்னது படிவம் எழுதுறதுக்கு முன்னாடின்னா, கோழி ரத்தம்னு தெரிஞ்சே ஓணானுக்கு நீளமும் எடையும் எழுதியிருக்கார். எழுதினதுக்கு அப்புறம்தான் சொன்னான்னா, விடியக்காலம் போனது, அட்டை குடுத்தது, சொல்லச் சொல்ல எழுதினது எல்லாம் அந்தக் கிளினிக் சீட்டு முன்னாடி நிக்காது. எந்தப் பக்கம் வேணும் கிருஷ்ணன்?"

பூபாலன் சொன்னது முழுவதும் சுப்பன் காதில் விழவில்லை. அவன் ஒரு இடத்திலேயே நின்றுவிட்டான். எழுதிக் கொடுத்தது பிரேம்குமார் இல்லை. அந்த ஒருத்தர், பாவா.

கிருஷ்ணன் சாவியை மேசையில் வைத்தான். "ஜுரத்துல கெடந்தான். இவன் இல்லாம ஒரு ஓணான்கூடக் கிடைக்கல. பனி. படிவத்தைக் காலியா விட்டா இவன் கூலியிலதான் கழிப்பாங்க. போர்வை எடுக்கப் போனப்ப அந்தக் கோழி கண்ணுல பட்டுது. ஒரு நாள் அட்டைதானே, யாருக்குத் தெரியப் போவுதுன்னு... இவனுக்காகத்தான் செஞ்சேன் மேடம்."

"அது வரைக்கும் நம்புறேன்," என்றார் பூபாலன். "வியாழக்கிழமை எழுதினது யாருக்காக?"

பதில் பிரபாவதியிடமிருந்து வந்தது. "அடுத்த வாரம் இவருக்கு நிரந்தர வேலைக்கு ஆர்டர் வர வேண்டியது. ஒரு கறை இருந்தாலும் வராது."

குப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வழக்கு முடிந்தால் கை தட்டுகிற குமரவேல், இன்றைக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பிரபாவதி ஒப்புதல் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். "மன்னிச்சுடுங்க சுப்பன். உங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"வெத்துத் தாள்ல போட்டது என் தப்பு மேடம். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்," என்றான் சுப்பன்.

பிரபாவதி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து கிருஷ்ணன் முன்னால் தள்ளினார். வியாழக்கிழமை எழுதியதில் எது எது பொய்யோ, ஒவ்வொன்றையும் பொய் என்று எழுதித் தர வேண்டும். கிருஷ்ணன் பேனாவைத் திறந்தான். நல்ல கையெழுத்து. அவன் எழுதுகிற அழகைப் பார்த்துத்தான் ஒரு காலத்தில் சுப்பனுக்கு எழுத்தின்மேல் ஆசை வந்தது.

"மேடம், அந்தப் பழைய கடுதாசியை நான் படிக்கலாமா?"

அவர் கொடுத்தார். சுப்பன் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை. முதல் வரியில் 'சுப்பன் என்னும் கூலி ஆள்' என்று இருந்தது. அதைத் தாண்ட அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நடுவில் கோழி. கடைசி வரிக்கு வந்தபோது விரல் நின்றது. 'எனக்கும் மேற்படி நபருக்கும் எந்த உறவும் கிடையாது.' தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று மறுபடி முதலெழுத்திலிருந்து படித்தான். சரியாகத்தான் படித்திருந்தான்.

"யாரைப் பத்தி எழுதினாலும் உறவு உண்டான்னும் எழுதச் சொல்லி நான்தான் கேட்டேன்," என்றார் பிரபாவதி. "சொந்தம்னா பகையில சொல்றதாகவும் இருக்கலாமேன்னு. சனிக்கிழமை படிச்சுட்டு, பாவான்னு கூப்பிடுறாரேன்னேன். ஊர்ப் பழக்கம், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னார்."

கிருஷ்ணன் எழுதி முடித்து நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "எல்லாத்தையும் பொய்னு எழுதிட்டேன் சுப்பா. ஒண்ணு விடல. உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லாத."

"கடைசி வரியையுமா?"

"அதுவும் பொய்னு எழுதிட்டேன்டா. அதுவுந்தான்."

சுப்பன் பழைய கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்து மேசையில் வைத்தான்.

"அதைப் பொய்னு எழுதினதை அடிச்சிடுங்க," என்றான். "அந்தக் கடைசி வரி ஒண்ணு மட்டும் அப்படியே இருக்கட்டும்."